கோலோச்சிய லாபிர்

கரம் பலகையைச் சுற்றி நால்வர் அமர்ந்துவிட்டால் மாலைப்பொழுது கழிவதே தெரியாது என்பதை யாழ்ப்பாணத்து மாணவர் நன்கறிவர். அப்பலகையைச் சுமார் 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட மேசையாக மனத்தில் விரித்துக்கொள்ளுங்கள். காய்களுக்குப் பதிலாகப் பந்துகளையும், விரலுக்குப் பதிலாக நீண்ட கோலையும் வைத்துப் பாருங்கள். அதுவே பில்லியட்ஸ்.

இலங்கைக்கு முதன்முதலில் உலகப் பட்டம் தேடித் தந்த விளையாட்டு எது என வினவினால், கிரிக்கெற் என்றே பலரும் விடை பகர்வர். கிரிக்கெற் உலகக் கிண்ணம் நமக்குக் கிட்டியது 1996இல். அதற்கு 23 ஆண்டுகள் முன்னதாகவே, 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியட்ஸ் போட்டியில், எம். ஜே. எம். லாபிர் என்னும் இலங்கையர் வாகை சூடினார். 1972இல் குடியரசான நாட்டுக்கு மறு ஆண்டே வாய்த்த பெருமை அது.

இவ்வாட்டத்தில் உள்ளவை மூன்றே பந்துகள். தம் பந்தினால் மற்றை இரண்டையும் தொட்டால் 2 புள்ளி; சிவப்புப் பந்தைக் குழியில் வீழ்த்தினால் 3 புள்ளி. சிவப்பில் மோதித் தம் பந்தே குழியில் வீழ்ந்தாலும் 3 புள்ளி உண்டு! கரம் ஆட்டத்தில் குற்றமாவது இங்கே பேறாகிறது. புள்ளி பெறுபவர் தொடர்ந்து ஆடலாம். ஆகவே வல்லவர் ஒருவர் கோலெடுத்தால், எதிராளி நெடுநேரம் வாளாவிருந்து பார்க்க வேண்டியதுதான். அடுத்த அடிக்குப் பந்துகள் எங்கே வந்து நிற்க வேண்டும் என முன்கூட்டியே கணிக்கும் மதிநுட்பம் இல்லாதார்க்குக் கைத்திறன் மட்டும் துணை செய்யாது.

இத்துணை நயமிக்க ஆட்டம் நம் மக்களிடையே பரவாதது ஏன்? ஆங்கிலேயர் ஆட்சியில் அது அவர்தம் கழகங்களுக்குள் அடைபட்டுக் கிடந்தது. பில்லியட்ஸின் தம்பி எனத்தக்க ஸ்னூக்கர், 1875இல் இந்தியாவின் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்னும் படை அதிகாரியால் தோற்றுவிக்கப்பட்டது. (பின்னாளில் பிரித்தானியப் பிரதமரானவர் இவரல்லர்.) அதன் விதிகள் ஒழுங்குபெற்ற இடம் தமிழகத்து உதகமண்டலக் கழகம். ஆயினும் மலையடிவாரத்துத் தமிழருக்கு அம்மேசை எட்டாக்கனியே. கற்பலகை பதித்த மேசை பாரமும் விலையும் மிக்கது. எளியவர் இல்லத்தில் இடங்கொள்ளாதது.

கதவுகள் திறந்தபின் நிலைமை மாறிற்று. 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் இந்தியாவுக்கு உலகப் பட்டம் ஈட்டினார். 1964இலும் அவரே வென்றார். 1967இல் உலகப் போட்டி கொழும்புக்கே வந்தது. பட்டம் இங்கிலாந்தின் லெஸ்லி டிரிஃபீல்டுக்குச் சென்றது. ஆறாண்டுகளின் பின் அதே பட்டம் லாபிரின் கைக்கு வந்தது.

தொழில்முறை வீரர்களை உலகெங்கிலுமிருந்து அழைத்து நடத்தும் பொக்கெற் பில்லியட்ஸ் போட்டிகளும் இதே உண்மையைப் புகட்டுகின்றன. அத்துறையின் பெருவீரரான எஃப்ரன் ரெயெஸ், பிலிப்பைன்ஸ் தேசத்தவர். மணிலாவில் உறவினர் ஒருவரின் ஆட்டக்கூடத்தில் வளர்ந்த அச்சிறுவனுக்கு மேசை எந்நேரமும் கைக்கெட்டியது. அவர் 1994இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் வென்ற முதல் அயல்நாட்டவரானார். 1999இல் உலக வீரரானார்.

திறமை எங்கும் பிறக்கும். இடங்கிடைத்த இடத்திலேதான் அது வளரும். பில்லியட்ஸ் மேசை நமக்கு அரிதாயினும், சனசமூக நிலையத்துக் கரம் பலகை எல்லார்க்கும் பொது. 1991இலும் 1995இலும் கரம் உலக வீரராக விளங்கிய சென்னை மரிய இருதயம் தமிழரே அன்றோ! பாடம் முடித்த பிள்ளை பலகையின் முன் குனிந்திருக்கையில், "வீண்பொழுது" என்று கடிந்துகொள்ளுமுன், பெற்றோர் லாபிரை ஒரு கணம் நினைப்பாராக.