சிப்பிக்குள் ஒரு நெட்வொர்க்

செருப்பை வாசலில் விட்டுவிட்டுச் சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள். தூத்துக்குடி பனிமய மாதா கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், என் சித்தி வீட்டுக் கூடத்தில், ஒரு கப்பல்காரனின் பெட்டி வாயைத் திறந்து கிடக்கிறது. இரண்டு பாக்கெட் மக்ரூன். உடன்குடிக் கருப்பட்டி. துணிப்பையில் இட்லிப் பொடி. மடித்து வைத்த பாய்லர் சூட். இவை எல்லாவற்றுக்கும் மேலே, பாஸ்போர்ட்டுக்கும் சி.டி.சி. என்கிற கடலோடிப் புத்தகத்துக்கும் நடுவில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரே ஒரு வெள்ளைத் தாள். தாளின் நடுவில் கறுப்புக் கட்டங்கள்.

சித்தி அதைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறார். "இதுல என்னய்யா இருக்கு?"

"ஐரோப்பா இருக்கும்மா" என்கிறான் தம்பி.

நாளை காலை வாகைக்குளத்தில் விமானம் ஏறி, சென்னை வழியாக ராட்டர்டாம் போய், அங்கே கன்டெய்னர் கப்பலில் சைன் ஆன், அதாவது வேலையில் சேர்வது. இந்த ஊரில் இப்படி ஒரு ராத்திரியைப் பார்க்காத தெரு குறைவு. ஆனால் அந்த ராத்திரியில் கடைசியாக நடக்கிற வேலை ஒன்று இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கு இடம் கிடைத்துவிட்டது! உங்களுக்கும் சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சின்ன மந்திரம். உங்கள் போனை எடுத்து, அழைக்கிற இடத்தில் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்துங்கள். ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அதோடு ஈ.ஐ.டி. என்று இன்னொரு எண்ணும் வந்தால் கைதட்டிக்கொள்ளுங்கள். 32 இலக்கம், 89 என்று தொடங்கும். உங்கள் போனுக்குள் ஒரு இ-சிம் சிப் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. கழற்ற முடியாதபடி போர்டிலேயே பற்றவைத்த சிப். வழக்கமான வகை 6 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர். போனில் வைப்பது பெரும்பாலும் அதைவிடவும் சிறியது. ஒரு நல்ல முத்தின் அளவு! கொற்கையில் முத்தை அள்ளி ரோமுக்கு ஏற்றிவிட்ட கரையில் பிறந்தவள் நான். இந்த ஊரில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். சிப், சிப்பி என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

இனி அந்தத் தாளுக்குள் நுழைவோம். கறுப்புக் கட்டங்களை அவிழ்த்தால் கிடைப்பது ஒரே ஒரு வரிதான். எல்.பி.ஏ. என்ற மூன்று எழுத்து, 1 என்ற எண், ஒரு டாலர் குறி, ஒரு சர்வரின் முகவரி, இன்னொரு டாலர் குறி, பிறகு ஒரு ரகசியக் குறியீடு. அவ்வளவுதான்! சிம் அந்தத் தாளில் இல்லை. சிம் எங்கே காத்திருக்கிறது என்று சொல்கிற விலாசம் மட்டுமே அதில் இருக்கிறது. கோயில் டோக்கன் மாதிரி.

தம்பி போனை நீட்டிக் கட்டங்களைப் படம் பிடிக்கிறான். போன் அந்த முகவரிக்கு ஓடுகிறது. சர்வரும் சிப்பும் முதலில் ஒன்றையொன்று சோதித்துக்கொள்கின்றன. நீ அசல் சிப்தானா, உன் சான்றிதழைக் காட்டு. நீ அசல் சர்வர்தானா, உன்னுடையதைக் காட்டு. இரண்டுக்கும் திருப்தி வந்தபிறகுதான் சர்வர் ஒரு பொட்டலத்தை இறக்குகிறது. அந்தப் பூட்டை இந்த ஒரு சிப்பால் மட்டுமே திறக்க முடியும். நடுவழியில் யார் பிடித்தாலும் வெறும் குப்பை எண்கள். பொட்டலத்துக்குள்ளே இருப்பதுதான் பழைய பிளாஸ்டிக் சிம்முக்குள் இருந்த அதே சரக்கு: சந்தாதாரர் எண், ரகசியச் சாவி, எந்த நெட்வொர்க்கை முதலில் தேட வேண்டும் என்ற பட்டியல்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் பச்சை டிக்!

"முடிஞ்சிருச்சா?" என்கிறார் சித்தி, ஏமாந்தவர் போல. பெட்டி கட்டவே மூன்று நாள் ஆயிற்றே.

இந்த இடத்தில் எழுந்து உள்ளறைக்குப் போய் ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார் சித்தப்பா. அவரும் கப்பல்காரர்தான், சைன் ஆஃப் ஆகி வீட்டோடு இருக்கிறார். டப்பாவைக் கவிழ்த்தார். பாயில் சிம் கார்டுகள் சிதறின. மினி, மைக்ரோ, நானோ. ஸ்பெயின், பெல்ஜியம், துருக்கி, பிரேசில். எல்லாம் செத்த சிம்கள்; ஒன்றைக்கூட எறிய அவருக்கு மனம் வரவில்லை. உலகத்தின் முதல் சிம்கள் 1991-இல் ஜெர்மனியில் செய்து பின்லாந்துக்குப் போனவை. மொத்தம் 300, ஒவ்வொன்றும் ஏ.டி.எம். கார்டு அகலம். அங்கிருந்து நகக்கண் அளவுக்குத் தேய்ந்து, கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் போன கதை முழுவதும் அந்தப் பாயில் கிடந்தது.

"கேங்வே இறக்குன உடனே சிம் விக்கிறவன் ஏறி வந்துருவான்லா. சொன்னதுதான் விலை" என்றார். ஒரு துறைமுகத்தில் அவர் சிம் மாற்றும்போது இந்திய சிம் விரலிலிருந்து நழுவி டெக்கில் விழுந்து, தண்ணீர் போகும் ஓட்டை வழியாகக் கடலுக்குப் போய்விட்டது. அந்த எண்ணில்தான் பேங்க் ஓ.டி.பி. வரும். இரண்டு மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியவில்லை. சித்தி அந்த இரண்டு மாதத்தை இன்னும் மறக்கவில்லை என்பது அவர் டப்பாவைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

தம்பிக்கு அந்தப் பயம் இல்லை. இந்திய சிம் தன் தட்டில் அப்படியே இருக்கும். அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட வேண்டும். ரோமிங் வசதியைத் திறந்து வைத்திருந்தால் ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். வந்து சேரும். இணையம் மட்டும் இ-சிம்மில் ஓடும். வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே இருக்கும்; யாருக்கும் புது நம்பர் சொல்லவேண்டியதில்லை. தாளில் அச்சடித்து வைத்ததற்கும் காரணம் உண்டு. கட்டங்கள் தன் போனிலேயே இருந்தால் அதே போனின் கேமராவால் அதைப் படம் பிடிக்க முடியாது. புதிய போன்கள் சிலவற்றில் வேறு வழி வந்துவிட்டது, எல்லாவற்றிலும் இல்லை. இறக்குவதற்கே இணையம் வேண்டும் என்பதால் இந்த வேலையை வீட்டு வைஃபையில் முடித்துவிடுவதுதான் புத்தி. ராட்டர்டாம் கேங்வேயில் நின்றுகொண்டு சிக்னல் வாங்குவதற்குச் சிக்னல் தேடக் கூடாது. பெரும்பாலான கட்டங்கள் ஒருமுறைதான் வேலை செய்யும். இறக்கிய இ-சிம்மை அவசரப்பட்டு அழித்துவிட்டால் பணம் போயிற்று.

வாங்குவதிலும் ஒரு சங்கதி. வெளிநாட்டு சிம்மை இந்தியாவில் விற்க தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அது இல்லாமல் விற்ற வெளிநாட்டு இ-சிம் ஆப்கள் இரண்டு 2024 ஜனவரியில் இங்கே முடக்கப்பட்டன. தம்பி சான்று பெற்ற விற்பனையாளரிடம் பாஸ்போர்ட் நகல் கொடுத்து வாங்கியிருக்கிறான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கப்பல்காரனின் ஐரோப்பா, சுற்றுலாக்காரனின் ஐரோப்பா இல்லை. ஈபில் கோபுரம் அவன் வரைபடத்தில் கிடையாது. எங்கே கரை நெருங்கி வருகிறது, எங்கே விலகிப் போகிறது என்பதுதான் அவன் ஐரோப்பா. சித்தப்பா கூடத்துத் தரையில் சாக்பீஸால் அதை வரைந்தே காட்டினார்!

நடுக்கடலில் எந்த சிம்மும் வேலை செய்யாது. அங்கே கப்பலின் சாட்டிலைட் இணையம்தான் கதி. பழைய 2ஜி கணக்கில் டவரிலிருந்து 35 கிலோமீட்டர்தான் எல்லை. போன் அனுப்பும் அலை அதற்கு மேல் தாமதமாக வந்தால் டவர் அதைக் கணக்கில் எடுக்காது. 4ஜி இன்னும் தூரம் எட்டும். ஆனால் பூமியின் வளைவும் கப்பலின் இரும்புச் சுவரும் குறுக்கே நிற்கும். அதனால்தான் கரை தெரிந்ததும் ஆட்கள் கேபினை விட்டு டெக்குக்கு ஓடுகிறார்கள்.

ராட்டர்டாம் துறைமுகம் நகரத்திலிருந்து கடல்வரை 40 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது. பெரிய கன்டெய்னர் கப்பல்கள் நிற்கிற மாஸ்வ்லாக்தே கடலோர முனையில். கப்பல் நிற்பது ஒருநாள், சில சமயம் அதைவிடக் குறைவு. டாக்ஸி பிடித்து ஊருக்குள் போய் சிம் வாங்கித் திரும்புவதற்குள் டியூட்டி நேரம் வந்துவிடும். பையிலேயே நெட்வொர்க் இருப்பதன் அருமை அங்கே தெரியும்.

ஆன்ட்வெர்ப் இன்னும் வேடிக்கை. துறைமுகம் இருப்பது பெல்ஜியத்தில். அங்கே போகிற ஷெல்ட் ஆற்றின் முகத்துவாரம் நெதர்லாந்தில். ஒரே நாட்டுக்கு மட்டுமான திட்டம் வைத்திருந்தால் ஆற்றின் நடுவிலேயே பேச்சு அறுந்து போகலாம். ஐரோப்பா முழுவதுக்குமான இ-சிம் ஒரு நெட்வொர்க்கை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும்.

ஜெர்மனியின் கீல் கால்வாய் 98 கிலோமீட்டர். சிறிய ஃபீடர் கப்பல்கள் அதைக் கடக்க ஏழெட்டு மணி நேரம். இரண்டு பக்கமும் வயல், மாடு, வீடு, டவர்! "ஒரு டியூட்டி முழுக்க சிக்னல்லே, நெனைச்சுப் பாரு" என்று சித்தப்பா கையை விரித்தபோது அவர் முகம் இருபது வயது குறைந்துவிட்டது. ஹாம்பர்க் அதைவிட மேல். கடலிலிருந்து எல்பே ஆற்றில் நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும்.

இத்தனை நாடுகளுக்கு ஒரே இ-சிம் எப்படிக் கட்டுப்படியாகிறது? அதன் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எந்த நாட்டு சிம்மோடு எந்த நாட்டுக்குப் போனாலும் உள்ளூர்க் கட்டணம்தான். நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைனும் இதில் சேர்த்தி. கம்பெனிகள் தங்களுக்குள் வாங்கும் மொத்த விலைக்கும் உச்சவரம்பு வைத்தார்கள்: 2022-இல் ஒரு ஜிபிக்கு 2 யூரோ, படிப்படியாக இறங்கி 2027-இல் 1 யூரோ. பயண இ-சிம்கள் பல, ஏதோ ஒரு ஐரோப்பிய கம்பெனியின் சந்தாதாரராகத்தான் உள்ளே நுழைகின்றன. அதனால் தம்பி ராட்டர்டாமில் நின்று யூடியூப் திறந்தால், அவன் வேறொரு நாட்டில் இருப்பதாக நினைத்து அந்த மொழியில் விளம்பரம் வரலாம். அவன் டேட்டா அந்த நாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறது!

பொறிகளும் உண்டு. பிரிட்டன், சுவிட்சர்லாந்து, துருக்கி ஒன்றியத்தில் இல்லை. சில திட்டங்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஜிப்ரால்டர் ஜலசந்தி மிகக் குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர்தான், அங்கே மொராக்கோ டவர் முந்திக்கொள்ளும். தனுஷ்கோடியில் நிற்கும்போது இலங்கைக்கு வரவேற்கிற எஸ்.எம்.எஸ். வருமே, அதே கதை. எல்லாவற்றிலும் பெரிய பொறி பயணிகள் கப்பல். நடுக்கடலில் கப்பலே ஒரு குட்டி டவர் வைத்திருக்கும். அது சாட்டிலைட்டில் ஓடுவதால் மேலே சொன்ன ரோமிங் சட்டம் அதைத் தொடாது. ஃபெர்ரி கரையை விட்டதும் போனை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். ஐரோப்பா போகும் எல்லோருக்கும், கப்பல்காரர் இல்லாதவர்களுக்கும், இதைக் கெஞ்சிச் சொல்கிறேன்.

பெட்டியைப் பூட்டியபின் தூக்கம் வரவில்லை. துறைமுகக் கடற்கரைக்கு வண்டியை விட்டோம். இருட்டில் வ.உ.சி. துறைமுகத்தின் விளக்குகள். கடலுக்குள் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டருக்கு நீளும் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள், அவற்றுக்கு அப்பால் நங்கூரத்தில் நிற்கும் கப்பல்கள். 1974-இல் பெரிய துறைமுகமாகி, 2011-இல் அந்த மனிதரின் பெயரைப் பெற்ற இடம். அவர் 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு வாங்கிய காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் ஐரோப்பாவிலிருந்து, பிரான்சிலிருந்துதான் வந்தன. அந்த வழியில்தான் இவன் போகிறான், எதிர்த்திசையில்.

"அங்க நிக்கிற கப்பல்லயும் ஒருத்தன் நம்ம டவரைத் தேடிட்டு நிப்பான்" என்றான் தம்பி. கட்டாயம் நிற்பான். மணிலாக்காரனோ, ஒடெசாக்காரனோ. கடலோடிகளுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம் 2024 டிசம்பர் 23-இல் நடைமுறைக்கு வந்தது. கப்பலில் ஆட்களுக்கு முடிந்தவரை இணையம் கொடுக்க வேண்டும், கட்டணம் வாங்கினால் நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது அது. துறைமுகங்களும் நங்கூரத்தில் நிற்பவர்களுக்கு வழி செய்யவேண்டும் என்று வழிகாட்டுகிறது. வறட்சியாக எழுதிய சட்ட வரிதான். அதைப் படித்தபோது எனக்குக் கண் நிறைந்தது. மாதா கோயில் மணியடித்ததும் கணவனின் கடிதத்துக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற பெண்களின் பேத்தி நான்.

காலையில் அவன் போய்விட்டான். ராட்டர்டாம் போய்ச் சேர்ந்த செய்தி, கப்பலில் ஏறிய படம், பிறகு வட கடலில் இரண்டு நாள் ஒன்றுமில்லை.

மூன்றாம் இரவு சித்தியின் தலைமாட்டில் போன் முனகியது. இங்கே 2.40. அங்கே முந்தின நாள் இரவு 11.10. டெக்கின் ஓரத்தில் நின்று எடுத்த வீடியோ. காற்றின் இரைச்சல், கறுத்த ஆறு, தொலைவில் மஞ்சள் புள்ளிகள்.

"யம்மா, எல்பேக்குள்ள வந்துட்டோம். ரெண்டு பக்கமும் லைட்டு. சாப்ட்டியா?"