வெள்ளைச் சேற்றில் ஒரு சிவப்புப் பட்டை

வீட்டில் முட்டை உடைக்கும்போது ஓட்டில் ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி டம்ளரில் போட்டு, அது மூழ்கும் வரை வினிகர் ஊற்றுங்கள். வினிகர் இல்லையா? எலுமிச்சைச் சாறு போதும். ஓட்டைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழிகள் எழும். ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள், ஓடு கரைந்து மெல்லிய தோல் மட்டும் கிடக்கும். ஓட்டிலிருந்த சுண்ணாம்பை வினிகரின் அமிலம் தின்றுவிட்டது.

ஆழ்கடலில் ஒரு காலத்தில் இதேதான் நடந்தது.

2003-ம் ஆண்டு ‘ஜாய்டிஸ் ரெசல்யூஷன்’ என்ற துளையிடும் கப்பல் தெற்கு அட்லாண்டிக் கடலுக்குப் போனது. ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டுக்கு அப்பால், தண்ணீருக்குள் ‘வால்விஸ்’ என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. சில கிலோமீட்டர் ஆழத்துக்குக் குழாயை இறக்கி, அதன் சரிவில் படிந்திருந்த சேற்றை நீள உருளைகளாக எடுத்தார்கள். வாழைத்தண்டைப் பிளப்பதுபோல நெடுக்காகப் பிளந்தார்கள். வெளிறிய சேற்றுக்கு நடுவே, திடீரென்று செம்பழுப்புக் களிமண் பட்டை ஒன்று!

சேறு வெளிறியிருக்க ஒரு காரணம் ஃபொராமினிஃபெரா. இவை ஒரே செல்லால் ஆன கடல் உயிர்கள். பெரும்பாலானவை மணல் துகள் அளவுதான், ஆனால் அவற்றில் பலவும் தமக்கென்று சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும். செத்தபின் அந்த ஓடுகள் கடலடியில் போய்ப் படியும். ஆயிரம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் சேறு சேர்ந்தாலே அதிகம். கீழே போகப் போக வயது கூடும்.

அந்தப் பட்டைக்கு வயது 5 கோடியே 60 லட்சம் ஆண்டு. டைனோசர்கள் அழிந்து ஒரு கோடி ஆண்டு கழிந்திருந்த காலம்.

அப்போது கடல் எவ்வளவு சூடு என்பதையும் ஓடுகளே சொல்கின்றன. ஆக்சிஜனில் எடை குறைந்தது, எடை கூடியது என வகைகள் உண்டு. குளிர்ந்த தண்ணீரில் வளரும் ஓட்டில் எடை கூடிய வகை சற்று அதிகம் சேரும். அந்தக் காலத்து ஓடுகளில் அது சட்டென்று குறைகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், பூமி 5 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறியிருக்கிறது. வடதுருவக் கடலின் மேல்தண்ணீர்கூட 23 டிகிரியைத் தொட்டது. நினைத்துப் பாருங்கள், இன்று அங்கே மிதப்பது பனிக்கட்டி!

காற்றில் ஏராளமான கார்பன் கலந்ததுதான் காரணம். வட அட்லாண்டிக் எரிமலைகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கார்பன் டை ஆக்ஸைடு தண்ணீரில் கரைந்தால் அமிலம் உண்டாகும். சோடா குடிக்கும்போது நாக்கில் சுரீரென்கிறதே, அதுதான். கடலின் மிக ஆழத்தில் எப்போதுமே ஓடுகள் கரைந்துபோகும். அந்தக் கரையும் எல்லை அன்று தெற்கு அட்லாண்டிக்கில் 2 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்துவிட்டது. வால்விஸ் சரிவில் வெவ்வேறு ஆழங்களில் துளையிட்டதால்தான் இது தெரிந்தது. சுண்ணாம்பெல்லாம் கரைந்துபோக, களிமண் மட்டும் மிஞ்சியது. கடலடியில் வாழ்ந்த ஃபொராமினிஃபெரா இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடியோடு அழிந்தன.

என்னை உறுத்துவது வேகம். அன்று அந்தக் கார்பன் வெளிவரச் சில ஆயிரம் ஆண்டுகள் ஆயின. இன்று நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து, ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 கோடி டன் கார்பனைக் காற்றில் விடுகிறோம். இது அன்றைய வேகத்தைவிடப் பல மடங்கு. நாம் விடும் கார்பன் டை ஆக்ஸைடில் கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. தொழிற்சாலைகள் பெருகத் தொடங்கிய காலத்திலிருந்து கடலின் மேல்தண்ணீரில் அமிலத்தன்மை சுமார் 30 சதவீதம் கூடியிருக்கிறது. எரிமலையை யாராலும் அணைக்க முடியாது. இது நாம் மூட்டிய நெருப்பு, இதை அணைக்க முடியும்.

வால்விஸ் சேற்றில் சிவப்புக்கு மேலே மறுபடியும் வெள்ளை தொடங்குகிறது. அந்த வெள்ளை திரும்பி வரக் கடலுக்கு ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் பிடித்தது.