வீடு விற்குமுன் துலக்க வேண்டியவை

ஊரைவிட்டு வந்து பெங்களூரில் வேரூன்றிய நம்மவர் பலர்க்கும் வாழ்நாள் சேமிப்பு முழுவதும் ஒரு சிறு வீடாகவே நிற்கின்றது. அதனை விற்கும் காலம் வருங்கால் எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதைப் பற்றி, அண்மையில் பட்டறிந்தவன் என்ற முறையில் சில சொல்ல விழைகின்றேன்.

ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தந்தையார் எழுப்பிய வீடு இரண்டு அறையும் ஒரு கூடமும் கொண்டது. அவர் 2019 இல் காலமானார். தமக்கையாரின் மகன் கல்லூரியிற் சேர, அவர் பங்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டி 2024 இல் வீட்டை விற்கத் துணிந்தோம்.

முதற்கண் செய்த பிழை, ஆடி மழையில் சுவருக்குச் சாயம் பூசியது. சமையலறைச் சுவரில் ஓதம் ஏறிய கறையை மறைப்பதே எங்கள் நோக்கம் என்பதை ஒளிப்பானேன்? மூன்றே வாரத்தில் பூச்சுக் கொப்புளித்து உதிர்ந்தது. வீடு பார்க்க வந்த பெரியவர் ஒருவர் சுவரை விரலால் தடவிவிட்டு, "இன்னும் எதையெல்லாம் பூசி வைத்திருக்கிறீர்களோ?" என்று கன்னடத்தில் கேட்டுப் போய்விட்டார். எங்களுக்கு நாணமாயிற்று. பின்னர் மொட்டைமாடி வடிகுழாயில் இருந்த வெடிப்பைக் கண்டு அதனை மாற்றினோம். சுவரைச் சுரண்டி நன்கு உலரவிட்டு, தை மாதத்திலே மறுபடி பூசினோம்.

தரையைப் பெயர்த்துப் பளபளக்கும் ஓடு பதித்தால் விலை கூடும் என்றார் தரகர். அன்னையார் இசையவில்லை. பெங்களூரின் பழைய வீடுகளுக்கு அழகு சேர்ப்பது அந்தச் செங்காவித் தரையன்றோ! அதைக் கழுவி உலர்த்தி, தேங்காயெண்ணெய் சிறிது தொட்டுத் துணியால் தேய்த்தார். வந்தவரெல்லாம் முதலில் நோக்கியது அதனையே. சன்னலை மறைத்து நின்ற அலமாரியை அகற்றியதும் கூடம் இருமடங்காகத் தோன்றிற்று. இவற்றுக்குக் காசு செலவில்லை.

இந்நகரில் வாங்குவோர் தவறாது கேட்கும் வினா, காவிரி நீர் வருகின்றதா என்பது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஏற்றப்படும் நீர் அது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தபின் இவ்வினா கூர்மையாயிற்று. ஆதலின் தரைத்தொட்டியை, இங்குள்ளோர் 'சம்ப்' என்பது, இறைத்துக் கழுவி மூடியைத் திறந்தே காட்டினோம். நீர்க்கட்டண ரசீதுகளையும் எடுத்து வைத்தோம்.

நிற்க. சுவரினும் தரையினும் முன்னதாகத் துலக்க வேண்டியவை காகிதங்கள். இதை நாங்கள் கடைசியில் எண்ணினோம். கத்தா என்பது மாநகராட்சியின் வரிப்பதிவேட்டில் உள்ள பெயர். எங்கள் கத்தா மறைந்த தந்தையார் பெயரிலேயே கிடந்தது. அதே 2024 இன் பிற்பகுதியில் பெங்களூரில் பத்திரப்பதிவுக்கு மின்கத்தா கட்டாயமாயிற்று. உயில் இல்லாமையால், 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அன்னையார், தமக்கையார், நான் ஆகிய மூவரும் சமபங்கினர். மகளைக் கையெழுத்திடக் கூப்பிடாமல் விற்கலாம் என்று எண்ணுவோர் நம்மவருள் இன்றும் உளர்; அத்தகைய விற்பனை வழக்கில்தான் சென்று முடியும். மரணச் சான்றிதழ், இங்கே 'வம்சவிருட்சம்' எனப்படும் குடும்பவழிச் சான்று, வில்லங்கச் சான்றிதழ், வரி ரசீது இவையெல்லாம் சேர்த்துக் கத்தாவை மாற்ற நான்கு திங்கள் ஆயின. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டமையால், இனி விற்போர் தம் வீடு எதன் எல்லையில் உள்ளது என்பதையும் அறிந்து கொள்க.

அந்த நான்கு திங்களில், விலை பேசி முடித்திருந்த நல்ல குடும்பம் ஒன்று வேறு வீடு பார்த்துச் சென்றுவிட்டது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தின் இரண்டாம் தவணைக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நான் கடன் வாங்க நேர்ந்தது. மாசியில் வேறொருவர்க்குப் பத்திரம் பதிவாயிற்று. தமக்கையார் தம் பங்கிலிருந்து முதலில் அடைத்தது அந்தக் கடனையே.