பெட்டியில் எழுதிய எண்ணும் ஸ்பீக்கர் கேட்கும் வலுவும்

கடல் கடந்து வாழும் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வரும்போது பெற்றோருக்கெனக் கொண்டுவரும் பொருள்களுள் ‘ஹோம் தியேட்டர்’ கருவிகளும் இன்று இடம்பெறுகின்றன. நாம் அறிந்த வீடொன்றில், கனடாவிலிருந்து வந்த ரிசீவர் மின்சாரத்தில் மாட்டிய கணமே புகைந்து போயிற்று. கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ற். நம் நாட்டினது 230 வோல்ற். கருவியின் பின்புறத் தகட்டைப் படித்துப் பார்த்திருந்தால், மகன் ஆசையோடு சுமந்து வந்த பரிசு பாழாகியிராது.

ஆகவே தகட்டைப் படிப்பதே முதற் பாடம். இரண்டாவது பாடம் வலுவைப் பற்றியது.

1990ஆம் ஆண்டில் யுத்தத்தின் காரணமாகக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோன பின்னர், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் நம் மக்கள் வானொலி கேட்டனர். சைக்கிள் டைனமோ தருவது ஏறக்குறைய 3 வாற்று. அதைக்கொண்டே குடும்பம் முழுவதும் கூடியிருந்து செய்தியும் பாட்டும் கேட்டது. அவ்வாறாயின், இன்றைய ஸ்பீக்கர்கள் சில 100 வாற்றையும் விழுங்கிவிட்டு இன்னும் வேண்டும் என்பது ஏன்?

விடை ஸ்பீக்கரின் உணர்திறனில் இருக்கிறது. 1 வாற்று வலுவைக் கொடுத்தால் 1 மீற்றர் தூரத்தில் எத்தனை தெசிபெல் ஒலி எழும் என்பதே அந்த அளவு. கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டும் புனல் வடிவ ஸ்பீக்கர் சுமார் 105 தெசிபெல் தரும். வீட்டு அலுமாரியில் வைக்கும் சிறு ஸ்பீக்கர் 85 தருவதே பெரிது. இடையிலுள்ள வேறுபாடு 20 தெசிபெல். மாணவர்கள் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம்: 10 தெசிபெல் கூட வலு 10 மடங்கு வேண்டும், 20 கூட 100 மடங்கு வேண்டும். புனல் ஸ்பீக்கர் 1 வாற்றில் எழுப்பும் ஒலியை எழுப்ப, வீட்டு ஸ்பீக்கருக்கு 100 வாற்று தேவை. வலுவை இரட்டித்தாலோ கூடுவது 3 தெசிபெல் மாத்திரமே. எனவே 80 வாற்றுக் கருவியை விட்டு 100 வாற்றுக் கருவிக்கு அதிக பணம் கொடுப்பதாற் செவிக்குப் பெரும் பயனில்லை.

இனி மின்தடையைக் கவனிப்போம். 8 ஓம் ஸ்பீக்கரிலும் 4 ஓம் ஸ்பீக்கர் இருமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மலிவான ரிசீவர்கள் இதைத் தாங்கமாட்டா. சூடேறித் தாமாகவே நின்றுவிடும். அன்றியும், பெட்டியில் அச்சிட்ட பெரிய எண் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஸ்பீக்கர்களை மாத்திரம் இயக்கி அளந்த எண். ஐந்தும் ஒருங்கே முழங்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு குறைந்துவிடும். ‘8 ஓம், 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை’ என்று குறித்த எண்ணையே நம்புதல் வேண்டும்.

வலு போதாவிடின் நேர்வது யாது? 1975இல் மறைந்த நம் தவில் மேதை தெட்சணாமூர்த்தி அவர்களின் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். தவிலின் ஓங்கிய அடி, சராசரி ஒலியிலும் பன்மடங்கு வலுவைக் கணநேரம் கேட்கும். அம்பிளிபயரிடம் அது இல்லையேல் ஒலியலையின் உச்சி வெட்டுப்படும், நாதம் கரகரக்கும், உயர்ந்த சுரங்களை ஒலிக்கும் சிறு ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் கருகவுங் கூடும்.

ஆகவே முதலில் ஸ்பீக்கரின் உணர்திறனையும் ஓம் அளவையும் அறிந்து, பின்னரே ரிசீவரைத் தேடுக. பசி மிகுந்த ஸ்பீக்கராயின், வெளி அம்பிளிபயரை இணைப்பதற்கான வாயில் உள்ள ரிசீவரை வாங்குக. முன்புறத்து இரண்டு ஸ்பீக்கர்களுக்கு மாத்திரம் தனி அம்பிளிபயர் வைத்தாலே ரிசீவரின் சுமை பெரிதும் இறங்கும். நமது வெப்பத்தில் கருவியைக் கண்ணாடி அலுமாரிக்குள் அடைத்தல் ஆகாது. மேலே காற்றோட இடம் விடுக. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுக.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது பழமொழி. ஸ்பீக்கருக்குத் தகுந்த வலு என்பதை நம் வீட்டுக் கணக்காகக் கொள்வோமாயின், பணமும் மிஞ்சும். தவிலின் நாதமும் பழுதின்றிச் செவிக்கு வந்து சேரும்.