சம்பளச் சீட்டில் தெரியாத பென்ஷன்

ராஜபாளையத்து நூற்பாலைத் தொழிலாளி சம்பளச் சீட்டை வாங்கியதும் தேடுவது 'பி.எஃப்.' என்ற வரியை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய் என்றால், அதில் 12 சதவீதமாக 1,440 ரூபாய் பிடித்திருப்பார்கள். நிர்வாகமும் தன் பங்காக அதே 1,440 ரூபாயைக் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். அந்தப் பங்கு இரண்டாகப் பிரிகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது சுமார் 1,000 ரூபாய், பென்ஷன் நிதிக்குப் போகிறது. மீதி 440 ரூபாய்தான் பி.எஃப். கணக்கில் ஏறுகிறது. இதற்கு மேல் மத்திய அரசு 1.16 சதவீதத்தைப் பென்ஷன் நிதியில் சேர்க்கிறது.

தொழிலாளியின் கையிலிருந்து எதுவும் போகாததால் இந்தப் பென்ஷன் பணம் சீட்டில் பிடித்தமாகத் தெரிவதில்லை. கண்ணில் படாததைக் கேட்டு வாங்கவும் யாருக்கும் தோன்றுவதில்லை. ஓய்வூதியம், ஊனமுற்றால் கிடைக்கும் தொகை, இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் மாதப் பணம் மூன்றும் அந்த நிதியிலிருந்துதான் வருகின்றன. 'பி.எஃப். எடுத்தாச்சு, கணக்குத் தீர்ந்தது' என்று சொல்லும் பலருக்குக் கணக்கு உண்மையில் தீர்ந்திருக்காது.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியபோது இப்படி ஒரு சட்டமே கிடையாது. வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952இல் வந்தது. அது முதலில் பொருந்திய ஆறு தொழில்களில் ஜவுளியும் ஒன்று. 1971இல் குடும்ப ஓய்வூதியத் திட்டம் சேர்ந்தது. இப்போதுள்ள தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16 முதல் நடப்பில் இருக்கிறது. 'இ.பி.எஸ். 95' என்பது இதைத்தான்.

இதில் மனதில் நிற்க வேண்டிய எண் பத்து. பத்தாண்டு சேவை இருந்தால் 58 வயதிலிருந்து ஆயுள் முழுக்க மாத ஓய்வூதியம் உண்டு. ஆறு மாதமும் அதற்கு மேலும் ஓராண்டாகக் கணக்கில் சேரும் என்பதால், ஒன்பதரை ஆண்டு முடித்தவரும் தகுதி பெறுகிறார். கணக்கு எளிது: கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 12,000 ரூபாய்ச் சராசரியும் 11 ஆண்டு சேவையும் இருந்தால் மாதம் 1,885 ரூபாய். சேவை 20 ஆண்டைத் தொட்டால் இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்கள். 2014 செப்டம்பருக்கு முந்தைய சேவைக்குச் சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய், அதற்குப் பிந்தையதற்கு 15,000 ரூபாய். ஆகவே பழைய ஆட்களுக்கு இரண்டு பகுதியையும் தனித்தனியே போட்டுக் கூட்ட வேண்டும். 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000 ரூபாய்க்கு மேலான சம்பளத்தில் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்த ஓய்வூதியத்துக்குள் வருவதில்லை.

பத்தாண்டைத் தொடவிடாமல் செய்வது பெரும்பாலும் 10-சி படிவம். ஒரு மில்லில் நான்கு ஆண்டு வேலை பார்த்துவிட்டு நின்றவர், பி.எஃப். பணத்தோடு பென்ஷன் பணத்தையும் அந்தப் படிவத்தில் எழுதி வாங்கிவிடுகிறார். ஓராண்டுச் சேவைக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்ற அளவில் கைக்கு வருகிறது. பிறகு வேறு மில்லில் ஏழு ஆண்டு பார்க்கிறார். மொத்தம் 11 ஆண்டு உழைத்தவருக்குக் கணக்கில் நிற்பது ஏழுதான். ஓய்வூதியம் இல்லை. அதே 10-சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கியிருந்தால் அந்த நான்கு ஆண்டும் உயிரோடு இருந்திருக்கும். புது மில்லில் சேரும்போது யு.ஏ.என். என்ற அதே பி.எஃப். பொது எண்ணைக் கொடுத்து, பழைய கணக்கை மாற்றிக்கொண்டாலும் போதும். பிள்ளையின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ அவசரத் தேவை வருவது எனக்குப் புரிகிறது. அந்தத் தேவைக்குப் பி.எஃப். பணத்தை எடுங்கள். பென்ஷன் சேவையை மட்டும் தொடாதீர்கள்.

50 வயதில் வேலையை விட்டவர்கள், பத்தாண்டு சேவை இருந்தால், 58 வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஓய்வூதியம் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும், அந்தக் குறைவு கடைசிவரை தொடரும். மாறாக 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். விண்ணப்பம் 10-டி படிவம்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பெயரும் பிறந்த தேதியுமே பெரிய காரணம். மில் பதிவேட்டில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், ஆதாரில் தகப்பனார் பெயரை விரித்து எழுதிய இன்னொரு பெயர், வங்கியில் மூன்றாவதாக ஒன்று. நம் ஊரில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லாததால் இந்தக் குழப்பம் நமக்கு அதிகம். நிர்வாகமும் தொழிலாளியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தால் இதைத் திருத்தலாம். வேலையில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. மில் மூடிய பிறகு கையெழுத்துக்கு ஆள் தேடுவது பெரும்பாடு. வைப்பு நிதி அலுவலகம் மாவட்டந்தோறும் மாதத்தின் 27ஆம் தேதி நடத்தும் குறைதீர் முகாமுக்கும் இதைக் கொண்டுபோகலாம்.

உடல் முடியாமல் போனால் என்ன கிடைக்கும் என்பதுதான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. வேலையில் இருக்கும்போது நிரந்தரமாக, முழுமையாகச் செயலிழந்தவருக்கு இ.பி.எஸ். ஓய்வூதியம் கிடைக்கப் பத்தாண்டு தேவையில்லை. ஒரே ஒரு மாதப் பங்களிப்பு கட்டப்பட்டிருந்தால் போதும்.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இதிலிருந்து தனி. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், நிர்வாகம் 3.25 சதவீதம் கட்டுகிறது. வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். விரல் போனாலோ கை முடமானாலோ, சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைந்தது என்று மருத்துவக் குழு முடிவு செய்யும். அந்த விகிதத்தில் ஆயுள் முழுக்கப் பணம் வரும். வேலைக்கு வரும் வழியில், திரும்பும் வழியில் நேரும் விபத்தும் இதில் சேரும். கிராமங்களிலிருந்து மில் வேனில் வந்துபோகும் பெண்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். விபத்து நடந்த அன்றே அது பதிவேட்டில் ஏறுகிறதா, இ.எஸ்.ஐ.க்குத் தகவல் போகிறதா என்று பாருங்கள். தனியார் மருத்துவமனையில் கட்டுப் போட்டு, கையில் ஒரு தொகையைக் கொடுத்து விஷயத்தை முடித்துவிட்டால், வாழ்நாள் உதவித்தொகைக்கான ஆதாரம் அங்கேயே போய்விடுகிறது.

பஞ்சுத் தூசி இன்னொரு வகை விபத்து. ப்ளோரூமிலும் கார்டிங்கிலும் பல வருடம் நின்றவர்களுக்கு நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். தொடக்கத்தில் வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் அது கூடுதலாகத் தெரியும். இதற்குப் பிசினோசிஸ் என்று பெயர். இ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இது தொழில்சார் நோயாகவே இடம்பெற்றது. அதாவது வேலையில் கை அடிபட்டதைப் போலவே இதையும் நடத்த வேண்டும். ஆனால் பலர் இதை 'வயசான இளைப்பு' என்றும் 'ஆஸ்துமா' என்றும் எடுத்துக்கொண்டு, சொந்தக் காசில் மாத்திரை வாங்கியே காலத்தை ஓட்டுகிறார்கள். மருத்துவரிடம் எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு வேலை பார்த்தீர்கள் என்பதைச் சொல்லி, சீட்டில் எழுதி வாங்குங்கள்.

தொழிலாளி வேலையில் இருக்கும்போது இறந்தால், காரணம் எதுவாக இருந்தாலும், மனைவிக்கோ கணவருக்கோ மாத ஓய்வூதியம் உண்டு. இதற்கும் ஒரு மாதப் பங்களிப்பே போதும். ஓய்வுபெற்ற பின் இறந்தால், அவர் வாங்கிவந்த தொகையில் பாதி துணைக்குப் போகும். ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை, துணையின் ஓய்வூதியத்தில் கால்பங்கு வீதம் தனியாகக் கிடைக்கும். தாய் தகப்பன் இருவரும் இல்லாத பிள்ளைகளுக்கு அது முக்கால்பங்கு. கையில் திட்டச் சான்றிதழ் வைத்திருந்தவர் 58க்கு முன் இறந்தாலும் குடும்பம் ஓய்வூதியம் கேட்கலாம்.

இவற்றோடு இ.டி.எல்.ஐ. என்ற காப்பீடு இருக்கிறது. இதற்கும் நிர்வாகமே கட்டுகிறது. வேலையில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஓராண்டு தொடர்ந்து வேலையில் இருந்தவர் என்றால் குறைந்தது இரண்டரை லட்சம். இதற்கு 5-ஐ.எஃப். படிவம். பி.எஃப். பணத்துக்கு 20ஆம் எண் படிவம், ஓய்வூதியத்துக்கு 10-டி. மூன்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பி.எஃப். பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்ட குடும்பங்களை நினைத்தால் மனம் கனக்கிறது. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் போட்ட நியமனம் அப்படியே கிடந்தாலும் சிக்கல்தான். இணையத்தில் இ-நாமினேஷனை இன்றைய குடும்ப நிலைக்கு மாற்றி வையுங்கள்.

பணிக்கொடை தனிக் கணக்கு. கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 12,000 ரூபாயில் 20 ஆண்டு என்றால் 1,38,461 ரூபாய். ஐந்து ஆண்டு சேவை வேண்டும் என்ற நிபந்தனை, இறந்தவருக்கும் ஊனமுற்றவருக்கும் இல்லை.

ஓய்வுக்குப் பின் மருத்துவத்துக்கு இ.எஸ்.ஐ.யில் ஒரு வழி இருக்கிறது. ஓய்வுக்கு முன் குறைந்தது ஐந்து ஆண்டு காப்பீட்டில் இருந்தவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தானும் துணையும் சிகிச்சை பெறலாம். மாதத்துக்குப் பத்து ரூபாய்! சிவகாசியிலும் மதுரையிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கும்போது இதை விடுவானேன்? இது தவிர, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வருகின்றன.

இதுவரை சொன்னவை மில் ஆட்களுக்கு. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓட்டும் சிறு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்ப்பவருக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் நான்கைந்து பேர் மட்டும் இருக்கும் கடையில் பால்கோவா கிண்டுபவருக்கும் பெரும்பாலும் இவை எட்டுவதில்லை. பி.எஃப். சட்டம் 20 பேர் உள்ள இடத்துக்கும் இ.எஸ்.ஐ. 10 பேர் உள்ள இடத்துக்கும்தான் பொருந்துகிறது. இவர்களுக்கு இருப்பது தமிழக அரசின் நல வாரியங்கள். விசைத்தறிக்குத் தனி வாரியம் உண்டு, மற்றவர்கள் தத்தம் தொழிலுக்குரிய வாரியத்தில் சேரலாம். 60 வயதுக்குள் பதிவு செய்திருந்தால்தான் 60க்குப் பிறகு ஓய்வூதியம். ஆகவே 55ஐத் தாண்டியவர்கள் இனியும் தள்ளிப்போடக் கூடாது. ஆதரவற்ற முதியவர்கள் இ-சேவை மையம் வழியாக முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர் அதைப் பரிசீலிப்பார்.

அந்த முதியோர் உதவித்தொகையைத் தமிழக அரசு 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தியது. முப்பது வருடம் பஞ்சுத் தூசியில் நின்று பங்களிப்பு கட்டப்பட்டவருக்கு இ.பி.எஸ். உறுதி தரும் குறைந்தபட்ச ஓய்வூதியமோ 1,000 ரூபாய். அது 2014இல் நிர்ணயித்தது. 7,500 ரூபாயும் பஞ்சப்படியும் வேண்டும் என்று ஓய்வூதியர்கள் நாடு முழுவதும் போராடிவருவது முழு நியாயம். அந்தக் கோரிக்கை நிறைவேறும்வரை, இருக்கிற ஆயிரமும் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ்ச் சான்று கொடுக்க வேண்டும். இ.பி.எஸ். ஓய்வூதியர்கள் நவம்பர்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். ரேகை தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்காவிட்டால், ஆண்ட்ராய்டு கைபேசியில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது.