ஏற்றத்தில் எஞ்சின் திடீரென வலுவிழப்பது ஏன்?

வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தை, பெரகலை வழியாக ஹப்புத்தளைக்குப் போகும் பாதை ஆயிரம் மீற்றருக்கு மேல் உயர்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று ஐதாகும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீற்றருக்குச் சுமார் 10 வீத வலுவை இழக்கும். ஆனால் அது மெல்ல மெல்ல நடப்பது.

வளைவொன்றில் எக்ஸலரேட்டரை மிதித்தும் கார் இழுக்காமல், எஞ்சின் விளக்கும் எரிந்தால் விஷயம் வேறு. சென்சார்கள் தரும் அளவு பிசகும்போது, எஞ்சினைக் காப்பாற்ற அதன் கணினியே வலுவைக் கட்டுப்படுத்துகிறது. டர்போ கார்களில் பல தடவை இதற்குக் காரணம், எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாயில் விழுந்த சிறு வெடிப்பு. சமதரையில் அழுத்தம் குறைவு. வெடிப்பு மூடியே கிடக்கும். தேயிலை மலை ஏற்றத்தில் அழுத்தம் கூடியதும் அது வாய் பிளந்து காற்றைக் கசியவிடும். கணினி பி0299 என்ற குறியீட்டைப் பதியும். குழாய் இணைப்பில் புதிதாக எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

எஞ்சினை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் வலு வந்துவிடும். அதனால்தான் கராஜில் நிறுத்தி வைத்துப் பார்ப்பவர்கள் “குறை ஒன்றுமில்லை” என்கிறார்கள். அந்தப் பதிலை ஏற்காதீர்கள். ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பதே சரியான சோதனை.

உத்தரவாதக் காலம் முடியவில்லையா? வழியில் யாரையும் குறியீட்டை அழிக்க விடாதீர்கள். கோளாறு வந்த கணத்தின் வேகம், சுற்று, வெப்பநிலை எல்லாம் அதனுடன் சேர்ந்தே அழிந்துவிடும். விளக்கைப் படமெடுங்கள், குறியீட்டை ஜொப் கார்டில் எழுதி வாங்குங்கள். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் மேலே ஏறாமல், பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துங்கள்.