நமது பிள்ளைகள் ஏன் வேலையில் நிலைப்பதில்லை?

"இந்தக் காலத்துப் பொடியன்மார் மூன்று மாதம் கூட ஓரிடத்தில் நிற்கிறார்கள் இல்லை." நமது வர்த்தகர்கள் பலர் சொல்லும் குறை இது. அப்படி விலகி வந்தவர்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். அவர்களின் பதில் வேறு: "சம்பளம் பரவாயில்லை சேர். லீவு கேட்டால் ஆட்களுக்கு முன்னால் ஏச்சு. ஈபிஎப்பும் இல்லை."

1981 முதல் 1996 வரை பிறந்தோரை மில்லேனியல் தலைமுறை என்பர். ஊழியர்களிடமே கருத்துக் கேட்டு வேலைத்தளங்களைத் தரப்படுத்தும் 'கிரேட் பிளேஸ் டு வேர்க்' நிறுவனம் இலங்கையிலும் இயங்குகின்றது. அது பார்ப்பவை ஐந்து: நிர்வாகத்தின் நம்பகத்தன்மை, மரியாதை, நீதி, வேலையில் பெருமிதம், தோழமை. நமது பிள்ளைகள் சொல்வதும் இவற்றைத்தான்.

மன்னாரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளம் முகாம்களில் வளர்ந்தவர்களும் இதே தலைமுறைதான். வீடும் கடையும் கைவிட்டுப் போனதைக் கண்ட பெற்றோர், பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகமே வேண்டும் என்பதில் வியப்பில்லை. அவர்கள் தேடுவது உத்தரவாதம்.

தனியார் துறையிலும் சட்டம் ஓரளவு உத்தரவாதம் தருகின்றது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வேலை நேரம் வாரத்துக்கு 45 மணித்தியாலம். ஓராண்டு வேலை செய்தவருக்கு அடுத்த ஆண்டில் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

கணக்குப் பார்ப்போம். 40,000 ரூபா சம்பளத்துக்கு மாதம் 9,200 ரூபா சேரும். பத்து வருடத்தில், வட்டி இல்லாமலே, 11 இலட்சத்துக்கு மேல். "வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறோம்" என்ற வார்த்தை மட்டும் இந்தத் தொகைக்கு ஈடாகாது.

முதலாளிமாரே, நியமனக் கடிதம் கொடுங்கள். ஜும்ஆவுக்கு நேரத்தோடு விடுங்கள். தவறு செய்தால் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். கூலியில் நீதி நமக்குப் புதிய பாடமல்ல.

தம்பி, தங்கைமாரே, வேலைக்குச் சேரும் முதல் நாளே சேமலாப நிதி பற்றிக் கேளுங்கள். கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். கேட்பது மரியாதைக் குறைவல்ல, உரிமை.